புத்தகம் தந்தவர்களுக்கும், கேள்வி கேட்காமல் இருந்தவர்களுக்கும்

நண்பர்களுக்கு வணக்கம்.

பதின்பருவப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் புத்தகம் கொடுக்கப் போகிறோம் என்று சொன்னதும், பரணில் கிடப்பதெல்லாம் வந்து குவிந்துவிடுமோ என்று உள்ளூரப் பயந்தேன். கொஞ்சம் வந்தது உண்மைதான். காலாவதியான தேர்வு வழிகாட்டியை எந்தப் பிள்ளை ஆசையாக எடுத்துப் போகும்? அதை விடுங்கள். உங்களில் பெரும்பாலோர் அனுப்பியது, நீங்களே ராத்தூக்கம் கெட்டுப் படித்த புத்தகங்களை. துப்பறியும் கதை, பேய்க்கதை, படக்கதை, விண்வெளி, விளையாட்டு வீரர்களின் வாழ்க்கை எல்லாம் இருந்தன. அறிவுரைப் புத்தகம் குறைவாக வந்ததற்குத் தனியாக ஒரு நன்றி.

சின்னக் குழந்தைகளுக்குப் புத்தகம் கொடுக்க ஆள் உண்டு. அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் 1995இல் தொடங்கிய திட்டத்தில் மாதம் ஒரு புத்தகம் வீடு தேடி வரும். ஆனால் ஐந்து வயதோடு சரி. அதற்குப் பிறகு, புத்தகம் என்றாலே பாடம் என்றாகிவிடுகிறது. 2018இல் பல நாடுகளில் நடந்த பைசா (PISA) என்ற மாணவர் திறன் ஆய்வில் 15 வயது மாணவர்களிடம் கேட்டபோது, ஏறக்குறையப் பாதிப் பேர், வேறு வழியில்லை என்றால்தான் படிப்போம் என்றார்கள். அந்தக் கட்டாயத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பார்ப்போமே என்று கிளம்பியபோது, கூடவே வந்தவர்கள் நீங்கள்.

தரையில் உட்கார்ந்து பிரித்து அடுக்கியவர்களே, உங்கள் முதுகுவலிக்கு என்ன கைம்மாறு செய்ய! ராமபாணப் பூச்சி அரித்ததை ஒதுக்கினீர்கள், முதுகு விட்டுப்போனதற்குப் பசை தடவினீர்கள். 'அன்புத் தம்பிக்கு, பிறந்தநாள் வாழ்த்து' என்று எவரோ எழுதியிருந்த பக்கத்தைக் கிழிக்கலாமா என்று ஒரு பெரிய விவாதமே நடந்தது. கிழிக்காமல் விட்டது நல்லதாயிற்று. அந்தப் பக்கத்துக்காகவே அதை எடுத்துக்கொண்டான் ஒருவன். எடுத்தவன் உடனே கேட்டது, "எப்பத் திருப்பித் தரணும்?" தர வேண்டாம், உனக்குத்தான் என்றதும் நம்பாமல் இன்னொருவரிடமும் போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

நூலகர் அம்மாவுக்கு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இலேயே விதி வகுத்துவிட்டார். அது நடப்பதை நீங்கள்தான் காட்டினீர்கள். அட்டைப்படம் முன்னால் தெரியும்படி வைக்கச் சொன்னீர்கள், வயதுவாரியாக ஒட்டிய சீட்டுகளை எடுக்கச் சொன்னீர்கள். பதினாறு வயதுப் பையன், 'சிறுவர்களுக்கு' என்று எழுதிய பெட்டிப் பக்கம் எப்படி வருவான்? சீட்டு போனதும் வந்தான்.

ஆசிரியர்களே, கதைச் சுருக்கம் எழுதிக் கொண்டு வா என்று நீங்கள் சொல்லவில்லை. பழகிய வாய்க்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். பெற்றோர்களே, "இதெல்லாம் ஒரு புத்தகமா?" என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினீர்களே, அதற்கும் நன்றி. பிடிக்காததைப் பாதியில் மூடிவிட்டு அடுத்ததை எடுக்க விட்டதால்தான் பல பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

கடைசியாக, ஒரு தொடர்கதையின் இரண்டாம் பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண் தவித்ததைக் கேட்டு, எங்கெங்கோ விசாரித்து முதல் பாகத்தை அனுப்பிவைத்த முகம் தெரியாத நண்பருக்கு. இரண்டையும் முடித்துவிட்டாள். இப்போது பார்க்கும்போதெல்லாம் மூன்றாம் பாகம் எங்கே என்று என்னைப் பிடுங்குகிறாள். யாரிடமாவது இருந்தால் சீக்கிரம் அனுப்புங்கள். இனிமேல் தொடர்கதை தருகிறவர்கள் தயவுசெய்து எல்லாப் பாகத்தையும் சேர்த்துக் கட்டித் தாருங்கள்.

நன்றியுடன்,
புத்தகம் பிரித்து அடுக்கிய குழுவில் ஒருவர்