வேகச் சோதனை முடிவுகளை வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

தரவுத்தளங்கள், கோப்பு முறைமைகள் ஆகியவற்றின் வேகத்தை அளந்து வெளியிடும் அன்பர்களுக்கு,

வணக்கம். செயலி, வட்டின் வகை, இயங்குதளத்தின் மையமான கர்னலின் பதிப்பு என அனைத்தையும் உங்கள் அறிக்கைகளில் குறிப்பிடுகிறீர்கள். ஆனால் சோதனை தொடங்கும் முன்பே தரவுக் கோப்பின் எந்தெந்தப் பகுதிகள் நினைவகத்தில் இருந்தன என்பதைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. அதையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

லினக்ஸ் ஒரு கோப்பை ஒருமுறை படித்ததும் அதைப் ‘பக்கங்கள்’ எனும் சிறு துண்டுகளாக, ‘பேஜ் கேஷ்’ எனும் நினைவகப் பகுதியில் வைத்துக்கொள்கிறது. அதே பகுதியை மறுமுறை கேட்டால் வட்டைத் தொடாமலே பதில் வந்துவிடும். அந்த நிலையில் நீங்கள் அளப்பது வட்டின் வேகத்தை அன்று, நினைவகத்தின் வேகத்தை. கேஷின் மொத்த அளவைக் காட்டும் ‘ஃப்ரீ’ கட்டளை, அது எந்தக் கோப்புக்கு உரியது என்று சொல்லாது.

அதைச் சொல்வது ‘மின்கோர்’ என்ற கணினி அழைப்பு, அதாவது நிரல் கர்னலிடம் விடுக்கும் கோரிக்கை. கோப்பை நினைவக முகவரிகளோடு இணைத்துவிட்டுக் கேட்டால், பக்கத்துக்கு ஒரு பைட் வீதம் விடை தரும். அந்த பைட்டின் கடைசி பிட் 1 என்றால் பக்கம் நினைவகத்தில் உள்ளது. பக்கம் 4 கிலோபைட் என்றால், 1 ஜிகாபைட் கோப்புக்கு 2,62,144 விடைகள். ‘விஎம்டச்’ என்ற கருவி இவற்றை ஒரே வரியில் வட்டக் குறிகளாக வரைந்து காட்டும். எனக்குக் கோப்பில் எத்தனை விழுக்காடு கேஷில் உள்ளது என்பதைவிட அந்த வரைபடமே முக்கியமாகப் படுகிறது. ஏனெனில் 40 விழுக்காடு என்பது கோப்பின் தொடக்கத்தில் தொடர்ச்சியாக இருக்கலாம், அல்லது அடிக்கடி தேடப்படும் பக்கங்களாக எங்கும் சிதறியும் இருக்கலாம். இவ்விரண்டிலும் ஒரே வினவல் எடுக்கும் நேரம் வேறுபடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பேஜ் கேஷின் நிலையைக் கவனித்தே பிற நிரல்களை வேவு பார்க்க முடியும் என்று 2019-இல் ஆய்வாளர்கள் காட்டியதை அடுத்து, லினக்ஸ் 5.2 முதல் மின்கோர் கட்டுப்படுத்தப்பட்டது. உங்களுக்கு உரிமையோ எழுதும் அனுமதியோ இல்லாத கோப்பைக் கேட்டால் அது பிழை எதுவும் காட்டாது. எல்லாப் பக்கங்களும் நினைவகத்தில் இருப்பதாகவே சொல்லிவிடும். சாதாரணப் பயனராக இயங்கி, தரவுத்தளக் கணக்குக்குச் சொந்தமான கோப்பு 100 விழுக்காடு கேஷில் உள்ளது என்று எழுதினால், அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. 2023-இல் லினக்ஸ் 6.5-உடன் வந்த ‘கேஷ்ஸ்டாட்’ அழைப்பு, வட்டில் இன்னும் எழுதப்படாத பக்கங்களையும் அண்மையில் வெளியேற்றப்பட்டவற்றையும் எண்ணித் தருகிறது. அது தருவது எண்ணிக்கை மட்டுமே; இடம் தெரிய வேண்டுமானால் கோப்பைப் பகுதி பகுதியாகக் கேட்க வேண்டும்.

‘சோதனைக்கு முன் கேஷைக் காலி செய்தோம்’ என்ற ஒற்றை வரியும் போதாது. கேஷை மொத்தமாகக் காலி செய்யும் ‘டிராப் கேஷஸ்’ வசதி, வட்டில் இன்னும் எழுதப்படாத பக்கங்களைத் தொடாமல் விட்டுவிடும். ஆகவே முதலில் அவற்றை வட்டில் எழுதவைக்கும் ‘சிங்க்’ கட்டளையைக் கொடுக்க வேண்டும். ஒரு கோப்பை மட்டும் வெளியேற்றக் கோரும் ‘ஃபேட்வைஸ்’ அழைப்போ வெறும் பரிந்துரைதான்: வேறொரு நிரல் இணைத்து வைத்திருக்கும் பக்கங்கள் அப்படியே தங்கிவிடலாம். காலி செய்தபின் மீண்டும் ஒருமுறை பார்த்தால்தான் உறுதி. தரவுத்தளம் நினைவகத்தில் தனக்கென வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பான இடையகம் இந்தக் கணக்கில் வராது என்பதால் அதைத் தனியே குறிப்பிடுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் எடுத்த இந்த வரைபடத்தை, எந்தப் பயனராக எடுத்தீர்கள் என்ற குறிப்புடன் முடிவு அட்டவணைக்குப் பக்கத்திலேயே கொடுங்கள். கேஷின் நிலை பார்க்கப்படாத பழைய அறிக்கைகளில், அது பார்க்கப்படவில்லை என்பதை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் அறிக்கைகளைப் படித்துச் சேவையகங்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரு நிர்வாகி