எங்கள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய கல்வி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த கையோடு எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்கு வந்த மாற்றுப்பணி ஆணையைப் பற்றியது இந்த மடல். ஆணையில் கையெழுத்திட்டவர் தாங்கள் என்பதால் விவரம் தெரியும். ஈராசிரியர் பள்ளி. ஒருவர் தலைமையாசிரியர், மற்றவர் ஒன்று முதல் மூன்று வகுப்புகளைப் பார்த்துவந்த ஆசிரியை. அவரை இன்னொரு பள்ளிக்கு அனுப்பிவிட்டீர்கள். அவரை எங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். நான் கேட்க வந்தது இவ்வளவுதான்.

வட ஆற்காடு மாவட்டமாக இருந்த காலத்தில் பணியில் சேர்ந்து, 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியை நான். பெரும்பாலான ஆண்டுகள் ஒன்றாம் வகுப்புதான். முதலில் பெரிய வகுப்பு கேட்டேன், தரவில்லை. பிறகு தந்தார்கள், நான் போகவில்லை. இப்போது குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் பேத்தியோடு இருக்கிறேன். அவளும் இந்தப் பள்ளியில்தான் ஒன்றாம் வகுப்பு. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன்.

ஆசிரியை போன பிறகு பள்ளியைப் பார்வையிட ஓர் அலுவலர் வந்தார். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை எழுப்பிப் புத்தகத்தைக் கொடுத்தார். அவன் ஒரு பக்கம் முழுவதையும் கணீரென்று வாசித்தான். அலுவலர் தட்டிக்கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் ‘வாசிப்பு நன்று’ என்று எழுதிவிட்டுப் போனார். அவர் போனதும் அதே பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டேன். பையன் பக்கத்தின் தலையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே இறங்கி வந்து, என் விரல் இருந்த இடத்தையும் தாண்டிப் போய்விட்டான். புத்தகம் முழுவதும் மனப்பாடம். எழுத்து ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

அவன் கெட்டிக்காரன். குறை அவனிடம் இல்லை. அவன் வீட்டில் பேசுவது தெலுங்கு. அம்மா பீடி சுற்றுகிறார். வீட்டில் உட்கார்ந்து வாசிப்பைக் கேட்க ஆளில்லை. பள்ளியில் கேட்க ஒருவர் இருந்தார். அவரைத்தான் அனுப்பிவிட்டீர்கள்.

247 எழுத்து என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஐந்து வயதுப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், அந்த 247-க்குள் எத்தனை முடிச்சு இருக்கிறது என்று. துணைக்காலும் ‘ர’வும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான், ‘காகம்’ என்று எழுதியிருப்பதைக் ‘கரகம்’ என்று வாசிக்கும். ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் முன்னால் கொம்பு, நடுவில் ‘க’, பின்னால் கால். மூன்றையும் சேர்த்துப் பார்த்து ஒரே ஒலியாகச் சொல்ல வேண்டும். இடமிருந்து வலமாக வாசி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இந்த இடத்தில் மட்டும் அப்படி வாசிக்காதே என்கிறோம். ‘பம்பரம்’ என்பதில் இரண்டு ‘ப’, இரண்டுக்கும் ஒலி வேறு. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை, காதில் விழுந்த சொல் என்பதால் தானே சரிசெய்துகொள்ளும். தெலுங்கோ உருதோ பேசும் வீட்டுப் பிள்ளைக்கு யாராவது சொன்னால்தான் உண்டு. நம் மாவட்டத்தில், குறிப்பாகக் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம், அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் ஐம்பது பேரை உட்காரவைத்துக் கூட்டமாகச் சொல்லவைத்துக் கற்பிக்க முடியாது. கூட்டத்தில் குரல் கொடுக்கத் தெரிந்த பிள்ளை தப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து, விரலை எழுத்தின் மேல் வைக்கச் சொல்லி, காது கொடுத்துக் கேட்க வேண்டும். எங்கே தடுக்குகிறது என்று குறித்து வைத்து, மறுநாள் அதே இடத்தில் பிடிக்க வேண்டும். காலாண்டு வரை உயிர் எழுத்துகளையும் மெய்களையும் முடித்து, துணைக்காலைத் தொட்டிருந்தார்கள். கொம்பு வருகிற நேரத்தில் ஆசிரியை இல்லை. புதிதாக யார் வந்தாலும் எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்வதற்குள் அரையாண்டு வந்துவிடும். இங்கே புதிதாகவும் யாரும் வரவில்லை.

இப்போது தலைமையாசிரியர் ஒருவரே ஐந்து வகுப்புக்கும். அவர் காலையில் வருகையைக் கைப்பேசியில் பதிவு செய்து, காலை உணவைப் பார்த்து, கேட்கும் புள்ளிவிவரங்களை அனுப்பி, நிமிர்வதற்குள் மதிய உணவு மணி அடித்துவிடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் படம் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்கிறார். பாவம், வேறென்ன செய்வார்? என் பேத்தி யானைக்கு எல்லா நிறமும் அடித்து முடித்துவிட்டாள்.

‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குறை காண நான் வரவில்லை. 2022-இல் அது வந்தபோது, கொரோனாவில் எழுத்தை மறந்துபோன பிள்ளைகளை நினைத்து மகிழ்ந்தவள் நான். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பது நல்ல யோசனை. 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் வாசிக்க வேண்டும் என்பதுதானே அப்போது வைத்த இலக்கு? மூன்று நிலைக்கும் மூன்று விதமாகச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்பது திட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. மாற்றுப்பணி ஆணைக்கு மட்டும் தெரியவில்லை. மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றச் சொல்லி நினைவூட்டல் தவறாமல் வருகிறது. கற்பிக்க ஆள் இல்லாத வகுப்பின் மதிப்பீடு உரிய தேதிக்குள் ஏறிவிட வேண்டும். நிகழ்ச்சி என்றால் புகைப்படம், கூட்டம் என்றால் புகைப்படம், மரம் நட்டால் புகைப்படம். ஒரு பிள்ளை ‘கொ’வை முதல்முறை சரியாக வாசித்ததை யாரும் புகைப்படம் கேட்டதில்லை. இந்தத் துறையில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்த வாய், கொஞ்சம் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியை போயிருக்கும் பள்ளியில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருக்கிறார் என்று அறிகிறேன். அங்கே இருப்பவர்களும் பிள்ளைகள்தாம். அந்த வகுப்பு சும்மா கிடக்கட்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிரசவம் முதல்நாள் இரவு முடிவாகிற காரியம் இல்லை. விடுப்பு எப்போது தொடங்கும் என்று மாதக்கணக்கில் முன்பே தெரியும். 2021-இல் அரசு அந்த விடுப்பை 12 மாதமாக உயர்த்தியது, நல்லது; அந்த 12 மாதத்துக்கு மாற்று ஏற்பாடு ஒன்றும் கூடவே இருந்திருக்க வேண்டும். ஒரு பள்ளியின் கூரையைப் பிரித்து இன்னொரு பள்ளிக்கு வேய்வதற்குப் பெயர் ஏற்பாடு இல்லை. 2022-இல் காலிப் பணியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசே வழி செய்தது. நீண்ட விடுப்புக்கும் அதே வழியைத் திறக்கும்படி மேலே எழுதுங்கள். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பெண்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

கட்டாயக் கல்விச் சட்டம் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்கிறது. எங்களுக்கு மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று கேட்கவில்லை. சட்டம் கொடுத்த இரண்டில் ஒன்றை எடுக்காதீர்கள் என்கிறேன். எடுத்தே தீர வேண்டிய நிலை எங்காவது வந்தாலும், ஒன்றாம் வகுப்பைப் பார்க்கிறவரை ஆண்டு நடுவில் எடுக்காதீர்கள்.

எனவே அந்த மாற்றுப்பணி ஆணையை ரத்து செய்து, அரையாண்டுத் தேர்வுக்கு முன் எங்கள் ஆசிரியையைத் திருப்பி அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம் வேண்டுமென்றால் அடுத்த கூட்டத்திலேயே நிறைவேற்றி அனுப்புகிறோம்.

இன்னொன்று. இந்த மடலை நான் எழுதியது தலைமையாசிரியருக்குத் தெரியாது. அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்ப வேண்டாம். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் ஐந்து வகுப்புக்கும் அன்று ஆள் இல்லை.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
வேலூர் மாவட்டம்