பீரோவில் இருக்கும் பாஸ்போர்ட்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. வியாசர்பாடியில் எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நீ இரவில் சாப்பிடுகிறாயா? வெறும் வயிற்றோடு படுக்காதே.

பொங்கலுக்கு வந்துபோன பிறகு உன்னிடமிருந்து போன் இல்லை. வேலை இருக்கும். அத்தை மகன் நாக்பூர் போய் வந்தான். காலையில் மைதானத்தில் உன்னைக் காணவில்லையாம், வேறு யாரோ விசில் ஊதிக்கொண்டிருந்தாராம். இன்னும் ஏதேதோ சொன்னான். ஒன்றை இரண்டாக்கிச் சொல்கிறவன்தானே அவன். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

இங்கே நம் முல்லை நகர் மைதானத்தில் கூட்டம் குறையவில்லை. 1997-இல் தங்கராஜும் உமாபதியும் பிள்ளைகளுக்குக் கால்பந்துச் சங்கம் தொடங்கியபோது, பந்து உதைத்தால் சோறு கிடைக்குமா என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது அந்த வழியாகப் போனால் நின்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

மழையில், உடைந்த வாளியை உதைத்து ஆடிய பையன்களைப் பார்த்துத்தான் விஜய் பார்சே ஐயா 2001-இல் நாக்பூரில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து ஆரம்பித்தார் என்று நீதான் சொன்னாய். நான் அங்கே வந்திருந்தபோது ஒரு பையன் தாமதமாக வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நீ திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாய். அவன் ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். இவன் என் பிள்ளையா என்றிருந்தது எனக்கு. ஊரான் பிள்ளையைக் கேட்கத் தெரிந்தவனுக்குப் பெற்றவளுக்கு ஒரு போன் செய்யத் தெரியாதா? சாப்பாட்டை மட்டும் விடாதே.

ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்குத் தெரியாது.

2016-இல் உன் பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க யாரும் வரவில்லை என்று சொன்னேன் அல்லவா? வந்தார்கள். பகல் பதினொன்று இருக்கும், நான் குடித்திருந்தேன். தெருமுனையில் காக்கிச் சட்டையைக் கண்டதும் அந்தத் துறைமுக வழக்குக்காக என்னைத் தேடித்தான் வருகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். வெளியே பூட்டைப் போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். குழாயடியில் நின்றவளிடம், இந்தப் பெயரில் இங்கே யாருமில்லை என்று சொல்லச் சொன்னேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். நீ நாலு முறை அலுவலகத்துக்கு நடந்தாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடற்றோர் உலகக் கோப்பைக் கால்பந்துக்கு நீ இல்லாமல் மற்றவர்கள் கிளாஸ்கோ போனார்கள். பக்கத்துக்கு நாலு பேர், ஏழு ஏழு நிமிடமாக இரண்டு பாதி. எல்லோரும் போனைச் சுற்றி நின்று கத்தினார்கள், நீ மட்டும் சத்தமில்லாமல் பார்த்தாய். ஒருவன் வாழ்நாளில் ஒரு முறைதான் அதில் ஆடலாம் என்றாய். அந்த ஒரு முறையை நான் பூட்டு போட்டுப் பூட்டிவிட்டேன். அடுத்த வருடம் உன் முட்டி போயிற்று.

குடியை விட்டு ஆறு வருடமாகிறது. விட்ட கதையை ஊரெல்லாம் சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பாஸ்போர்ட் பீரோவில் அம்மாவின் புடவைக்கடியில் இருக்கிறது. ஒரு முத்திரைகூட விழவில்லை. வரும் ஆவணியோடு தேதி முடிகிறது. எடுத்துக்கொண்டு நானே வருகிறேன், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வர வேண்டாம் என்றால் போன் செய்து சொல்.

இரவில் சாப்பிட்டுவிட்டுப் படு.

அப்பா