வடதுருவ ஒளியின் பழைய செதுக்குப்படமும் அதன் விளக்கக்குறிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் ஞாயிறு மலரில் வெளிவந்த, துருவப் பகுதிகளின் இரவு வானில் தோன்றும் துருவ ஒளி பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். கட்டுரையில் குறை காணவில்லை. ஆனால் அதனுடன் வெளியான பழைய செதுக்குப்படத்தின் கீழ் ‘துருவப் பிரதேசத்தில் வடதுருவ ஒளி’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கிய கப்பலின் பாய்மரத்தைத் தொடுமளவுக்குப் பச்சையும் சிவப்புமாக ஒளித்திரை தொங்கும் அப்படத்தை, மாணவர்கள் ஒளிப்படத்துக்கு நிகரான சான்றாகவே எடுத்துக்கொள்வர்.

அது 19ஆம் நூற்றாண்டு மரச்செதுக்கு முறையில் உருவானது என்பதை அதன் கோடுகளே காட்டுகின்றன. இறுகிய மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் கூரிய உளியால் கீறி, மேற்பரப்பில் மை பூசித் தாளை அழுத்தினால், கீறிய இடம் வெள்ளையாகவும் கீறாத இடம் கறுப்பாகவும் பதியும். இரவு வானத்தைக் காட்ட இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பேன். தொடாமல் விட்ட மரமே இருளாகிறது, செதுக்குபவர் வெட்டுவதெல்லாம் ஒளியாகிறது. அம்மரம் பருத்து வளராததால் பல துண்டுகளை இணைத்தே பத்திரிகைப் பக்க அளவுக்குப் பலகை செய்தார்கள். சில படங்களில் அந்த இணைப்புகள் மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். இத்தகைய படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே அச்சாகின. நிறம் பின்னர் கையால் தீட்டப்பட்டது. பழைய படங்களை விற்பவர்கள் பல்லாண்டு கழித்துத் தீட்டுவித்ததும் உண்டு.

செதுக்கியவரும் பெரும்பாலும் துருவத்தைக் கண்டவரல்லர். பயணக்குழுவில் சென்ற ஒருவர் குளிரில் அவசரமாக வரைந்த கோட்டோவியம் லண்டனிலோ பாரிசிலோ செதுக்குபவரின் மேசைக்கு வரும். மீதியைக் கைப்பழக்கம் நிரப்பும். 1893 முதல் 1895 வரை ‘ஃபிராம்’ கப்பலில் ஆர்க்டிக் பனியோடு நகர்ந்த நோர்வே ஆய்வுப் பயணி நான்சன், தாம் கண்ட ஒளியைத் தாமே வண்ணத்தில் வரைந்தது விதிவிலக்கு. ஒளிப்படத்தின் துணையும் நெடுங்காலம் கிடைக்கவில்லை. ஜெர்மானியரான மார்ட்டின் பிரெண்டல் வட நோர்வேயில் முதன்முதலாகத் துருவ ஒளியை ஒளிப்படமாக்கியது 1892இல்தான்.

ஆகவே அப்படத்திலுள்ள வளைவு, கதிர், மடிப்புத்திரை ஆகிய வடிவங்களை ஓரளவு நம்பலாம், உயரத்தை நம்பலாகாது. ஒளித்திரையின் கீழ்விளிம்பே தரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் மேலே உள்ளது என்பதை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோர்வே அறிவியலாளர் கார்ல் ஸ்டோர்மர், ஒன்றுக்கொன்று தொலைவான இரு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் எடுத்த ஒளிப்படங்களைக் கொண்டு கணித்தார். பச்சையும் அதற்கு மேலுள்ள சிவப்பும் ஒட்சிசனால் உண்டாவன என்பது உண்மையே. எனினும் ஒளி மங்கலாக இருக்கும்போது மனிதக் கண் நிறம் பிரித்தறிவதில்லை. வெளிறிய சாம்பல் நிறமே தெரியும். அத்தகைய இரவுகளில் மாலுமிகள் கண்டதற்கு, தீட்டிய படத்தைவிடத் தீட்டாத படமே நெருக்கமானது.

திருகோணமலையிலிருந்து இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. 8½ பாகை வட அகலக்கோட்டில், புவிக் காந்த நடுக்கோட்டை ஒட்டி நாம் வாழ்கிறோம். ஏறத்தாழ இதே அகலக்கோட்டிலுள்ள கேரளத்துத் தும்பாவை 1963இல் இந்தியா ராக்கெட் ஏவுதளமாக்கியதும் அந்தக் காந்த நடுக்கோட்டின் அண்மை கருதியே. துருவங்களை நோக்கிச் சாய்ந்திறங்கும் காந்தக் கோடுகள் இங்கே கிடைமட்டமாக ஓடுவதால், துருவ ஒளியை உண்டாக்கும் மின்துகள்களுக்கு நம் தலைக்கு மேல் இறங்க வழியில்லை. 1872 பெப்ரவரியில் பம்பாய்வரை அவ்வொளி தெரிந்தது ஒரு பெரும் காந்தப் புயலின் விளைவு. எங்கள் கடற்கரையில் நின்று எந்த மாணவரும் அப்படத்தைச் சரிபார்த்துவிட முடியாது. அச்சில் வருவதே அவருக்கு எல்லாம்.

எனவே, இத்தகைய படங்களை வெளியிடும்போது, எம்முறையில், எப்போது அச்சானது, நிறம் பிற்காலத்ததா என்பவற்றை ஒரு வரியில் சேர்த்தால் நன்று. அப்படத்தின் நிறம் தீட்டாத பிரதி கிடைக்குமாயின், அதையும் ஒருமுறை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.