ஏரியை அளந்து படிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் ஹைடெக் ஆய்வகம் வந்தபின் செயற்கைக்கோள் படத்தைத் திரையில் காட்டுவது எளிதாகிவிட்டது. வெறுமனே பார்த்த படம் அடுத்த மணி அடிப்பதற்குள் மறந்துபோகும். அளந்த படம் மனதில் நிற்கும். சென்னை வட்டாரப் பள்ளிகளுக்குச் செம்பரம்பாக்கம் ஏரியே போதும்.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைக் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். ஜனவரியில் ஒன்று, மே கடைசியில் ஒன்று எடுக்கலாம். நவம்பரில் மேகம் மறைக்கும். மேக நிழலையும் தண்ணீர் என்று எண்ணிவிடுவார்கள். இயற்கை நிறத்தைவிட அகச்சிவப்பு சேர்ந்த பொய்நிறப் படம் நல்லது: நீர் கருமையாகவும் செடிகொடி சிவப்பாகவும் பிரிந்து தெரியும். நீருக்கு நடுவே சிவப்புத் திட்டு இருந்தால் ஆகாயத்தாமரையாக இருக்கலாம். அதை நேரில் போய்த்தான் உறுதிசெய்ய வேண்டும்.

1 செ.மீ.க்கு 500 மீட்டர் வீதம் அச்சிட்டு, நீரின் விளிம்பை டிரேசிங் தாளில் வரைந்து, கிராஃப் தாள்மேல் வைத்துக் கட்டங்களை எண்ணச் சொல்லலாம். ஒரு சதுர செ.மீ. என்பது 25 ஹெக்டேர். விளிம்பில் பாதிக்குமேல் நீருள்ள சிறுகட்டத்தை மட்டும் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் சறுக்குவது அச்சில்தான். தாளுக்குள் அடங்கட்டும் என்று பிரிண்டர் படத்தைச் சுருக்கிவிடும். படத்திலுள்ள 1 கி.மீ. அளவுகோல் 2 செ.மீ. இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். 1.8 ஆகிவிட்டால் பரப்பில் 19 சதவீதம் காணாமல் போகும்!

இரண்டு படத்தின் பரப்பையும் ஒப்பிட்டதும் அடுத்த கேள்வி வரும்: பரப்பு பாதியானால் நீரும் பாதிதானா? இதை வகுப்பிலேயே சோதிக்கலாம். அகலமான தட்டில் களிமண்ணால் சரிவான குழி செய்து, மெல்லிய பாலித்தீன் விரிக்க வேண்டும். இல்லையேல் மண் நீரைக் குடித்துக் கணக்கைக் கெடுக்கும். 100 மி.லி. வீதம் ஊற்றி, ஒவ்வொரு முறையும் மேலே கண்ணாடித் தாள் பிடித்து, நேர்மேலிருந்து பார்த்து விளிம்பை வரையலாம். பரப்பு பாதியாகும்போது நீர் பாதிக்கும் கீழே போயிருப்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.

ஏரியில் இதைச் சரிபார்க்க, நாளிதழில் வரும் நீர்இருப்புப் பட்டியல் இருக்கிறது. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. அந்தப் பட்டியலை மழைக்காலத்தோடு நிறுத்திவிடாமல், அளவெடுத்த தேதியோடு கோடையிலும் வெளியிட வேண்டுகிறோம். மே மாதப் படத்துக்கு அதுவே ஒப்பீடு.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர்கள் சிலர்,
காஞ்சிபுரம் மாவட்டம்