தம்பிக்கு அம்மா எழுதுவது

தம்பி,

நலமா? இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இடது கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாகிவிட்டது. சொட்டு மருந்து மட்டும் நான்கு வேளை விட வேண்டும். பெரியம்மா வீட்டுப் பத்திர விவகாரம் இன்னும் அப்படியே நிற்கிறது. அதை அப்புறம் எழுதுகிறேன்.

நீ போனில் பேசி மூன்று வாரம் ஆகிறது. "பள்ளியில் வேலை அதிகம்மா" என்று ஒரு வரி அனுப்பினாய். அதற்கு முந்தின வாரமும் அதே வரிதான். வேலை அதிகம் என்றால் என்ன வேலை என்று முன்பெல்லாம் சொல்வாய். நூலகத்துக்குப் புதிதாக எத்தனை புத்தகம் வந்தது, எந்தப் பிள்ளை எதைத் தொலைத்துவிட்டு அழுதது, எல்லாம் சொல்வாய். 31 வருஷம் வகுப்பறையில் நின்றவள் நான். ஒரு பையன் பெஞ்சில் உட்காரும் விதத்தை வைத்தே அன்றைக்கு அவன் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். உன் ஒற்றை வரியைப் படிக்க எனக்குத் தெரியாதா?

சரி, கேட்டுவிடுகிறேன். சாயங்காலம் பள்ளியிலிருந்து கார் வரை தனியாகவா நடக்கிறாய்? தனியாகப் போகாதே. யாரையாவது கூட வரச் சொல். வாசல் விளக்கு இரவு முழுக்க எரியட்டும். அவர் ராத்திரி வீட்டில் இருக்கிறார்தானே? போன தடவை வீடியோவில் உனக்குப் பின்னால் பச்சைச் சட்டையில் நின்று கை அசைத்தாரே, அவரைத்தான் கேட்கிறேன். அவர் இருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

இனி மறைத்துப் பயனில்லை. உன்னைப் பற்றி இணையத்தில் ஒரு கணக்கில் போட்டிருந்த படத்தை நான் பார்த்துவிட்டேன். அத்தை மகள்தான் அனுப்பினாள். அவள் மேல் கோபப்படாதே. அனுப்பிவிட்டு உடனே போன் செய்து அழுதாள்.

அந்தப் படத்தில் உன் அலமாரி இருக்கிறது. ஏழெட்டுப் புத்தகம், மேலே தன்பாலீர்ப்பாளரும் திருநரும் தங்கள் அடையாளமாக வைத்துக்கொள்கிற சின்ன வானவில் கொடி, பக்கத்தில் நீ கையால் எழுதி ஒட்டிய அட்டை. உன் பெயரைப் படிக்கும் முன்பே கையெழுத்து எனக்குத் தெரிந்துவிட்டது. ஆங்கில 'ஒய்' எழுத்தின் வாலை நீட்டிக் கடைசியில் ஒரு சுழி போடுவாயே, நாலு கோடு நோட்டில் உன் கையைப் பிடித்து நான் எழுத வைத்த வால் அது. படத்தின் ஓரத்தில் உன் மணிக்கட்டு கொஞ்சம் தெரிகிறது. தாத்தா வாட்ச் கட்டியிருக்கிறாய்.

அதற்கு மேல் அந்தக் கணக்கில் எழுதியிருந்தது ஒரு வரிதான். பள்ளியின் பெயர், உன் பெயர், "உங்கள் பிள்ளைகளை இவரிடம்தான் ஒப்படைக்கிறீர்கள்." வசவும் இல்லை, மிரட்டலும் இல்லை. இதில் என்ன இருக்கிறது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் அதன் கீழே மற்றவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன்.

ராத்திரி இரண்டு மணி வரை படித்தேன். அப்பா தூங்கட்டும் என்று வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் படித்தேன். 'குரூமர்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. குழந்தைகளிடம் நைசாகப் பேசி வசப்படுத்திக் கெடுப்பவன் என்று அர்த்தமாம். உன்னையா? வருஷம் பூராவும் வாயே திறக்காத அந்தச் சிறுமி உன் மேஜைக்கு வந்து இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டாள் என்று, நேரம் காலம் பார்க்காமல் எனக்குப் போன் செய்தாயே, உன்னையா? ஒருவன் நீ எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டிருந்தான். அடுத்தவன் பதிலுக்குத் தெருவின் பெயரைப் போட்டிருந்தான். எத்தனை பார்சல் மேல் நான் என் கையால் எழுதிய தெருப் பெயர் தம்பி அது. அதைப் பார்த்ததும் கை நடுங்கி போனைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து இதைப் பற்றி எங்கே என்ன கிடைத்தாலும் தேடிப் படித்தேன். இந்த மாதிரிக் கணக்குகளில் பேர்போனது லிப்ஸ் ஆஃப் டிக்டாக் என்ற அமெரிக்கக் கணக்கு. அந்தக் கணக்கு சுட்டிக்காட்டிய ஆட்களுக்கும் இடங்களுக்கும் பிறகு வெடிகுண்டு மிரட்டலோ வேறு வன்முறை மிரட்டலோ வந்த சம்பவங்கள் 2020 நவம்பரிலிருந்து 33 என்று என்பிசி செய்தி நிறுவனம் 2024 பிப்ரவரியில் கணக்கெடுத்துச் சொன்னது. 2022-ல் போஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை பாலின மாற்றச் சிகிச்சை என்று சிறுமிகளுக்குக் கருப்பையை அகற்றுகிறது என்று ஒரு பொய் இந்த மாதிரிக் கணக்குகள் வழியாகப் பரவியது. டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் மிரட்டலாக வந்து குவிந்தது. ஆகஸ்ட் 30 அன்று வெடிகுண்டு மிரட்டலே வந்தது. அடுத்த மாதம் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஒரு பெண்ணைக் கைது செய்தது. குழந்தைகள் படுத்திருக்கிற ஆஸ்பத்திரி தம்பி. நீ வைத்திருப்பதோ ஒரு அலமாரி.

இது எனக்குப் புதிதில்லை. வகுப்பில் ஒருவன் விரலை மட்டும் நீட்டுவான். அடிப்பது வேறு நாலு பேர். விசாரித்தால் விரல் நீட்டியவன், "நான் தொடக்கூட இல்லை மிஸ்" என்பான். அவன் சொல்வது உண்மைதான், அவன் தொட்டிருக்க மாட்டான். ஆனால் அடுத்த நாள் யாரை அடிப்பது என்று அந்த நாலு பேரும் அவன் விரலைத்தான் பார்ப்பார்கள். என் வகுப்பில் நான் அவனைத்தான் முதலில் எழுப்பி நிறுத்துவேன். இங்கே யார் எழுப்பி நிறுத்துவது? ட்விட்டர்க்காரர்கள், இப்போது எக்ஸ் என்கிறார்கள், திருநர்களைப் பழைய பெயராலும் தவறான பாலினத்தாலும் குறிப்பிட்டுச் சீண்டக் கூடாது என்று இருந்த விதியை 2023 ஏப்ரலில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா 2025 ஜனவரியில் விதியை மாற்றி, பாலினத்தையோ பாலீர்ப்பையோ சொல்லி ஒருவரை மனநோயாளி என்று எழுதினால் பரவாயில்லை என்றது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே 1973-ல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கறுப்புக் கண்ணாடியோடு ஈசிசேரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "அப்போது இவன் பிறக்கவே இல்லையே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி சாப்பிடவில்லை.

நீ ஏற்கெனவே செய்திருப்பாய், இருந்தாலும் சொல்கிறேன். யாருக்கும் பதில் எழுதாதே. ஒரு சொல்கூட வேண்டாம். உன் பதிலைப் படம் பிடித்து அதை வைத்து இன்னும் நூறு பேரைக் கூட்டுவார்கள். மிரட்டல் வந்தால் அழிப்பதற்கு முன்னால் தேதியும் நேரமும் லிங்க்கும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. அதற்கப்புறம் பிளாக் செய். எல்லாக் கணக்குக்கும் இரண்டு கட்டப் பாதுகாப்புப் போடு. பணத்துக்கு முகவரி விற்கிற இணையதளங்கள் அங்கே நிறைய இருக்கின்றனவாமே, ஒவ்வொன்றுக்கும் எழுதி உன் பெயரை எடுக்கச் சொல். இன்னொன்று எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. உன் வீட்டில் துப்பாக்கிச் சூடு என்று யாராவது பொய்யாக 911-க்குச் சொல்லி ஆயுதத்தோடு போலீஸை அனுப்பிவிடுவார்களாம், ஸ்வாட்டிங் என்கிறார்கள். உங்கள் போலீஸ் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லி வை. இப்படி ஒரு பொய் அழைப்பு வரலாம் என்று குறித்து வைக்கச் சொல். வருகிற செய்திகளை நீயே உட்கார்ந்து படிக்காதே. அவரைப் படித்துப் பார்த்துத் தேவையானதை மட்டும் சொல்லச் சொல். கார் வரை தனியாக நடக்காதே.

பள்ளி நிர்வாகம் உன் பக்கம் நிற்கிறதா? அலமாரியைக் கலைக்கச் சொன்னார்களா? கலைக்காதே என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. கலைத்துவிடு என்று சொல்லச் சொல்கிறது வயிறு. இரண்டில் எதைச் செய்தாலும் நான் உன்னைக் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஒன்றுக்குக் கோபம் உண்டு. மூன்று வாரமாக இதைச் சுமந்துகொண்டு "வேலை அதிகம்மா" என்று எழுதியிருக்கிறாய். காய்ச்சல் என்றால் சொல்வாய், கார் ரிப்பேர் என்றால் சொல்வாய். இதை மட்டும் சொல்லவில்லை. நான் உனக்கு யார்?

இந்த வரியை எழுதிவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ரிட்டயரான டீச்சர்கள் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. தலைமுடிக்கு நீலச் சாயம் போட்ட ஒரு அமெரிக்க டீச்சர், கேமராவைப் பார்த்துத் தன் வகுப்பைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுகிறார். அரை நிமிஷத்தில் வெட்டியிருந்தது. அவர் முன்னால் என்ன சொன்னார், பின்னால் என்ன சொன்னார், ஒன்றும் தெரியாது. நான் அந்த அம்புக்குறியை அழுத்தி நம் குடும்பக் குரூப்புக்கு அனுப்பினேன். அனுப்பியதோடு நிற்கவில்லை. "இப்படிப்பட்டவர்களிடமா பிள்ளைகளை ஒப்படைப்பது?" என்று கீழே எழுதினேன். உன் சித்தப்பா கைதட்டினார். அத்தை வாயில் விரல் வைத்த பொம்மை போட்டாள். பதினோரு நிமிஷம் கழித்து நீ வெளியேறினாய் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. தவறிக் கை பட்டிருக்கும் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

எனக்கு அப்போதே தெரியும் தம்பி. அன்றைக்கு மட்டுமில்லை, உன் பத்தொன்பதாவது வயதிலிருந்தே தெரியும். மொட்டை மாடிக்கு வந்து "அம்மா, ஒரு விஷயம்" என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன், என்ன விஷயம் என்று புரிந்தது. கொடியில் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். பாதித் துணி ஈரம். நீ திரும்ப அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தமிழில் இதற்கெல்லாம் மரியாதையான சொல் ஏது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். தன்பாலீர்ப்பு என்று நல்ல சொல் இருக்கிறது. 2022-ல் தமிழ்நாடு அரசிதழில் இப்படிச் சொற்களின் பட்டியலே வந்திருக்கிறது. சொல் இருந்திருந்தாலும் நான் அன்று நின்றிருக்க மாட்டேன். பயந்துவிட்டேன். அவ்வளவு தெரிந்தும் அந்த வீடியோவை அனுப்பினேன்.

உன் படத்துக்கு மேல் இருந்த வரியைப் படித்ததும் இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன் என்றேனே. அது ஏற்கெனவே நான் எழுதிய வரி, அதனால்தான் உறைக்கவில்லை. அந்த நீல முடி டீச்சருக்கு ஓர் அம்மா இருந்திருப்பார். அவரும் ராத்திரி இரண்டு மணி வரை எழுத்தைப் பெரிதாக்கிப் படித்திருப்பார். அதில் ஒரு வரி என்னுடையதாக இருந்திருக்கலாம், என் வரி வேறு மொழியில் வேறு குரூப்பில் கிடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நேற்று குரூப்பில் மேலே மேலே போய் அந்த வீடியோவைத் தேடிப் பிடித்தேன். எல்லோருக்கும் அழிக்கலாம் என்று பார்த்தால் முடியவில்லை. இரண்டு நாள் சொச்சத்துக்குள் செய்திருக்க வேண்டுமாம். இப்போது என் போனிலிருந்து மட்டும்தான் அழிக்க முடியும் என்றது. அழிக்கவில்லை. அதற்கே பதிலாகக் கீழே எழுதினேன்: "இதை அனுப்பியது நான். தவறு செய்தேன். ஒரு டீச்சரைப் பற்றி எதுவும் தெரியாமல் எழுதினேன். என் மகனும் பள்ளியில்தான் வேலை செய்கிறான்." உன் விஷயம் வேறெதுவும் எழுதவில்லை. அதை எழுத எனக்கு உரிமை இல்லை, அது உன்னுடையது. எல்லோரும் பார்த்துவிட்டார்கள், ஒருவரும் பதில் போடவில்லை. பெரியப்பா மட்டும் போன் செய்து எதற்கு இப்போது இதெல்லாம் என்றார். தேவை என்றேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டாம். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். வீடியோவில் வா, அப்பா கண்ணாடி இல்லாமல் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல், பின்னால் நிற்க வேண்டாம். அவர் பெயரை நீ ஒரு தடவை சொன்ன மாதிரியே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரியாக வருகிறதா என்று அவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.

கார் வரை யாரையாவது கூட்டிக்கொண்டு போ.

அம்மா