வரத்து வாரியைத் திறந்து விடுங்கள்: காகித ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் கண்மாய்க்கு மேற்கே நீங்கள் வளர்க்கும் தைலமரக் காட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. எங்கள் மனுக்களும் கிராமசபைத் தீர்மானமும் உங்கள் மேசையில் இருக்கின்றன. போன கார்த்திகையில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் கரையேறிப் பார்த்தால், மடைக்கல் அடியில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. மேலே காட்டுக்குள் போனோம். மரவரிசைகளுக்கு நடுவே பொக்லைன் வைத்து வெட்டிய குழிகளெல்லாம் நிறைந்து, தைல இலை ஊறி, கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கண்மாய்க்கு மழைநீரைக் கொண்டுவரும் கால்வாயான வரத்து வாரிக்குக் குறுக்கே ஆள் உயரத்துக்குக் கரை. என் பெரியப்பா மண்வெட்டியோடு அதன்மேல் ஏறி நின்றார். நாலு வெட்டு வெட்டினால் தண்ணீர் கண்மாய்க்கு இறங்கிவிடும். காவலாளி ஓடி வந்து, "கை வைத்தால் கேஸ் போடுவார்கள்" என்றார். எழுபது வயது மனிதர், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வந்தார். மார்கழியில், கதிர் வாங்கும் நேரத்தில் பயிர் காய்ந்தது. அறுத்து மாட்டுக்குப் போட்டோம்.

ஒரு கிலோ கட்டை விளையத் தைலமரம் குடிக்கும் தண்ணீர் அதிகமில்லை என்று உங்கள் அலுவலர் விளக்கினார். சரி, இருக்கட்டும். ஏக்கருக்கு எத்தனை மரம், எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதையும் சேர்த்துத்தானே கணக்குப் பார்க்க வேண்டும்? ஐந்தாறு வருடத்தில் வெட்டி, பட்டை உரித்து, லாரியில் ஏற்றிவிடுகிறீர்கள். உடனே அடிக்கட்டையில் மறுதாம்பு கிளம்புகிறது. மண்ணுக்கு ஓய்வே இல்லை. என் அம்மா சின்னப் பிள்ளையில் இதே இடத்தில் வீரைப் பழமும் பாலைப் பழமும் பறித்துத் தின்றவர். இப்போது அங்கே ஆடு கடிக்கக்கூடத் தழை கிடையாது.

தைலமரக் கூழ் ஏற்றுமதியில் முன்னணியில் இருக்கும் பிரேசிலின் வனச் சட்டம், 10 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள ஓடைக்கும் இரு கரையிலும் 30 மீட்டர் இயற்கைக் காடாக விடச் சொல்கிறது. தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், வணிக மரத்தோட்டத்தை நீரோட்டத்தைக் குறைக்கும் தொழில் என்றே வகைப்படுத்துகிறது. கர்நாடகம் 2017இல் தைலமரத்தைப் புதிதாக நடுவதற்கே தடை போட்டது. நாங்கள் அவ்வளவெல்லாம் கேட்கவில்லை. வாரியைத் திறந்து விடுங்கள் என்கிறோம்.

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத மாவட்டம் இது. ஆயிரக்கணக்கான கண்மாய்களை நம்பித்தான் பிழைப்பு. அவற்றைத் தூர்வார அரசு பணம் ஒதுக்குகிறது. வருகிற வழியை அடைத்துவிட்டுக் கண்மாயை ஆழப்படுத்தி யாருக்கு என்ன பயன்? இதை எத்தனை அலுவலகத்தில்தான் போய்ச் சொல்வது? ஒவ்வொருவரும் அடுத்த வாசலைக் காட்டுகிறார்கள்.

வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான். ஐப்பசி மழைக்கு முன் சர்வேயரை வைத்து, வருவாய்த்துறை வரைபடத்தில் உள்ளபடி வாரியை அளந்து, குறுக்கே போட்ட கரையை எடுத்து, தயவுசெய்து வாரியைத் திறந்து விடுங்கள். அதன் இருபுறமும் மறுதாம்பு வராமல் அடிக்கட்டைகளைப் பெயர்த்துவிடுங்கள். அளக்கும் நாளை முன்கூட்டிச் சொன்னால் ஊரார் எல்லோரும் வந்துவிடுவோம். பெரியப்பாவும் வருவார். மண்வெட்டி நாங்களே கொண்டு வருகிறோம்.

பணிவுடன்,
கண்மாய்ப் பாசன விவசாயி ஒருவர்